ஊதச் சொல்லாமல் அளத்தல்: நுரையீரல் கொள்ளளவும் நோயாளியின் ஒத்துழைப்பும்

நுரையீரலின் கொள்ளளவை அறிய மருத்துவமனைகளில் பெரும்பாலும் நடப்பது ஊதும் சோதனை. மூக்கைக் கிளிப்பால் அடைத்து, அட்டைக் குழாயை வாயில் வைத்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, இனி வராது என்னும்வரை ஒரே வீச்சில் ஊத வேண்டும். "இழுங்க, இன்னும் இழுங்க… இப்ப ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க" என்று சோதனை செய்பவர் பக்கத்தில் நின்று குரல் கொடுப்பார். ஒருமுறை ஊதினால் போதாது. குறையில்லாத மூன்று ஊதல்கள் வேண்டும், அவற்றில் சிறந்த இரண்டும் 150 மி.லி.க்குள் ஒத்துப்போக வேண்டும் என்பது பன்னாட்டு விதி. ஆகவே அந்தத் தாளில் விழும் வரைகோடு நுரையீரலின் கோடு மட்டுமன்று. சொன்னதைப் புரிந்துகொண்ட காது, குழாயை இறுகப் பற்றும் உதடு, வயிற்றுத் தசையின் வலு, இன்னும் கொஞ்சம் ஊதிவிடலாம் என்ற மனம் எல்லாம் அதில் கலந்திருக்கின்றன.

கொல்லிமலை அடிவாரத்தில் உள்ள சேந்தமங்கலம் போன்ற ஓர் ஊரில் இந்தச் சோதனை யாருக்குத் தேவை என்று எண்ணிப் பார்த்தால் இடர் எங்கே என்பது தெரியும். கொல்லிமலையில் விறகடுப்பின் முன் ஆயுள் முழுக்க உட்கார்ந்து சமைத்த, பல் விழுந்த பாட்டிக்குத் தேவை. நாமக்கல் வட்டாரத்துக் கோழிப்பண்ணைத் தூசியில் வேலை செய்பவருக்கும், திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடும்போது கல்தூளை விழுங்கியவருக்கும் தேவை. குறைமாதத்தில் பிறந்து, மூச்சு வாங்கிக்கொண்டே பால் குடிக்கும் குழந்தைக்கு எல்லாரையும்விடத் தேவை. ரிக் தொழிலாளி ஊதிவிடுவார். பாட்டிக்கு உதட்டோரம் காற்று கசியும். ஊதத் தொடங்கியதும் இருமல் வரும். குழந்தையிடம் சொல்லவே முடியாது. ஐந்தாறு வயதுக்கு முன் இந்தச் சோதனை நம்பத்தக்கதாக அமைவது அரிது. நுரையீரல் மிக வேகமாக வளர்வதோ அதற்கு முந்தைய ஆண்டுகளில்.

நன்றாக ஊதுபவரிடம்கூட இந்தச் சோதனை எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை. லண்டனில் ஜான் ஹட்சின்சன் 1846-இல் தம் ஸ்பைரோமீட்டரால் 2,000-க்கும் மேற்பட்டோரை அளந்து, ஒருவர் ஊதித் தள்ளக்கூடிய முழு அளவு அவருடைய உயரத்தோடு சேர்ந்தே கூடுகிறது என்று காட்டினார். ஆனால் எவ்வளவு முக்கி ஊதினாலும் வளர்ந்தவரின் நெஞ்சுக்குள் ஏறத்தாழ ஒரு லிட்டருக்கு மேல் காற்று தங்கிவிடும். அது வெளியே வராத காற்று. எனவே ஊதும் கருவிக்கு அது புலப்படாது. நாள்பட்ட சுவாச அடைப்பில் கூடிக்கொண்டே போவது இந்தக் காற்றுதான். நோயின் முக்கியமான பாதி கருவியின் கண்ணுக்குத் தெரியாமலே இருந்துவிடுகிறது.

நோயாளியின் முயற்சி இல்லாமல் அளப்பதற்கான வழி உடலின் அமைப்பிலேயே இருக்கிறது. இயல்பாக மூச்சு விட்டு முடித்ததும், அடுத்த மூச்சு தொடங்குவதற்கு முன், ஒரு சிறு ஓய்வு வருகிறது. அப்போது நுரையீரல் தன் மீள்தன்மையால் உள்நோக்கிச் சுருங்கப் பார்க்கிறது, விலா எலும்புக் கூடு வெளிநோக்கி விரியப் பார்க்கிறது. இரண்டு இழுப்பும் சமமாகும் இடத்தில் நெஞ்சு நிற்கிறது. அந்த நேரத்தில் உள்ளே இருக்கும் காற்றை மருத்துவ நூல்கள் செயல்முறை எஞ்சு கொள்ளளவு என்று குறிப்பிடுகின்றன. எளிமைக்காக ஓய்வுக் கொள்ளளவு எனலாம். வளர்ந்த ஆணுக்கு அது சுமார் இரண்டரை லிட்டர். முழுமூச்சு இழுப்பதும் கடைசிவரை ஊதுவதும் ஆளுக்கு ஆள், முயற்சிக்கு முயற்சி மாறும். ஓய்வுக் கொள்ளளவை யாரும் முயன்று உண்டாக்குவதில்லை. தூங்குபவருக்கும் நினைவிழந்தவருக்கும் அது இருக்கிறது. ஒத்துழைப்பு வேண்டாத முறைகள் பெரும்பாலும் இந்த ஒரு புள்ளியைச் சுற்றியே கட்டப்பட்டவை.

முதல் வழி, கரைத்துப் பார்ப்பது. ஆழம் தெரியாத தொட்டியில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று அறிய, அளந்த உப்பைப் போட்டுக் கலக்கி, கரிப்பு எவ்வளவு நீர்த்தது என்று பார்த்தால் போதும். தொட்டியை இறைக்க வேண்டியதில்லை. ஹம்ஃப்ரி டேவி 1800-இலேயே ஹைட்ரஜனைச் சுவாசித்துத் தம் நெஞ்சில் தங்கும் காற்றை இப்படிக் கணக்கிட்டார். பின்னாளில் தீப்பற்றாததும் இரத்தத்தில் அநேகமாகக் கரையாததுமான ஹீலியம் அந்த இடத்துக்கு வந்தது. மூன்று லிட்டர் கொள்ளும் மூடிய கருவியில் 10 விழுக்காடு ஹீலியம் இருப்பதாகக் கொள்வோம். நோயாளி சாதாரணமாக மூச்சு விட்டு முடிக்கும் நொடியில் அவரைக் கருவியோடு இணைத்து, சில நிமிடங்கள் இயல்பாக மூச்சு விடச் செய்கிறார்கள். செலவாகும் ஆக்ஸிஜன் ஈடுசெய்யப்படுகிறது, கரியமில வாயுவைச் சுண்ணாம்புக் கலவை உறிஞ்சிக்கொள்கிறது. முடிவில் ஹீலியம் 6 விழுக்காடாக இறங்கினால், மூன்று லிட்டரில் இருந்த ஹீலியம் இப்போது ஐந்து லிட்டரில் பரவியிருக்கிறது என்று பொருள். கூடுதலான இரண்டு லிட்டர் நுரையீரலுடையது.

இதன் மறுபக்கம் நைட்ரஜனைக் கழுவி எடுப்பது. சாதாரணக் காற்றைச் சுவாசிப்பவரின் நுரையீரலில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். அவருக்குத் தூய ஆக்ஸிஜனைக் கொடுத்தால் மூச்சுக்கு மூச்சு நைட்ரஜன் வெளியேறும். வெளிவந்த காற்று 40 லிட்டர், அதில் நைட்ரஜன் 4.5 விழுக்காடு என்றால், நுரையீரலில் முதலில் 1.8 லிட்டர் நைட்ரஜன் இருந்தது. அது ஐந்தில் நான்கு பங்கு ஆகையால் ஓய்வுக் கொள்ளளவு 2.25 லிட்டர். டார்லிங், கூர்னாண்ட், ரிச்சர்ட்ஸ் மூவரும் 1940-இல் இம்முறையை நிறுவினர். பின்னிருவரும் இதயத்துக்குள் குழாய் செலுத்தும் ஆய்வுக்காக 1956-இல் நோபல் பரிசு பெற்றவர்கள்.

கழுவும் முறை கொள்ளளவோடு இன்னொன்றையும் சொல்கிறது. எல்லாக் காற்றறைகளுக்கும் காற்று சமமாகப் போனால் நைட்ரஜன் விரைவில் தீரும். சில கிளைகள் சளியாலோ வீக்கத்தாலோ அடைபட்டிருந்தால் அந்த மூலைகளிலிருந்து அது மெல்ல மெல்லத்தான் வரும். முதலில் இருந்த அடர்த்தி நாற்பதில் ஒரு பங்காகக் குறைய, ஓய்வுக் கொள்ளளவைப் போல் எத்தனை மடங்கு காற்று போய்வர வேண்டியிருந்தது என்பதே நுரையீரல் துப்புரவுக் குறியீடு. நலமுள்ளவருக்கு இது ஆறு ஏழை ஒட்டி இருக்கும். காற்று நுரையீரலில் கலக்கும் விதத்தை அளக்கும் இத்தகைய குறியீட்டை 1952-இல் முன்வைத்தவர் மார்கரெட் பெக்லேக். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரலை ஆராய்ந்தவர் அவர். கல்தூளின் நடுவே பிறந்த அளவுகோல் இன்று சிசுக்களுக்குப் பயன்படுகிறது.

கரைக்கும் முறைகள் இரண்டுக்கும் பொதுவான பலவீனம் ஒன்று உண்டு: வாயு போய்ச் சேராத இடம் கணக்கில் வராது. மூச்சுக்குழலோடு தொடர்பற்றுச் சிறைப்பட்ட காற்று அளவில் விடுபடும். கடுமையான அடைப்பு நோயில் இந்த விடுபாடு பெரிது. அடுத்தது கசிவு. முகமூடியின் ஓரத்தில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் அறைக் காற்றின் நைட்ரஜன் உள்ளே நுழைந்துவிடும். வரைகோடு தரையைத் தொடாமல் மிதந்துகொண்டே இருக்கும். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அந்த வழியாகவும் வாயு கசியலாம். காதில் சீழ் வடிவது இன்னும் அரிதாகிவிடாத ஊர்களில், சோதனைக்கு முன் காதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது கருவியைச் சரிபார்ப்பதற்கு நிகரான வேலை.

சிறைப்பட்ட காற்றையும் சேர்த்து அளப்பது உடல்பெட்டி முறை. டுபாய்ஸும் அவருடைய குழுவினரும் 1956-இல் வெளியிட்டது. நோயாளி காற்றுப் புகாத கண்ணாடி அறைக்குள் உட்காருவார். மூச்சின் முடிவில் வாய்க்குழாய் ஒரு கணம் அடைக்கப்படும். அடைபட்ட குழாயை எதிர்த்து அவர் மூச்சு விட முயலும்போது நெஞ்சுக்குள் காற்று சற்று நெருங்கும், சற்று விரியும். அழுத்தமும் கன அளவும் எதிரெதிராக மாறும் என்ற பாயில் விதியின்படி, வாயில் அழுத்தம் எவ்வளவு மாறியது, பெட்டிக்குள் எவ்வளவு மாறியது என்ற இரண்டிலிருந்து உள்ளே இருக்கும் காற்று முழுவதும் தெரிந்துவிடும். வளர்ந்தவருக்கு இது முழுக்க ஒத்துழைப்பில்லாத சோதனையன்று. கன்னத்தைக் கைகளால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மெல்ல இரைக்கச் சொல்கிறார்கள். தூங்கும் குழந்தைக்கு அது தேவையில்லை. அடைப்பை எதிர்த்து அது தானாகவே ஓரிரு மூச்சு முயலும், அதுவே போதும்.

இந்தப் பெட்டியை மலைக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது பயனுள்ளது, ஏனெனில் விதியில் காற்றழுத்தமும் ஓர் உறுப்பு. சேந்தமங்கலம் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 200 மீட்டர் மேலே என்று கொண்டால் அங்கே காற்றழுத்தம் சுமார் 742 மி.மீ. பாதரசம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் கொல்லிமலையில் 1,200 மீட்டர் உயரத்துக்குப் போனால் அது சுமார் 658 மி.மீ. இரண்டிலும் நுரையீரலின் ஈரத்துக்குரிய 47 மி.மீட்டரைக் கழித்துவிட வேண்டும். மீதி, கீழே 695, மேலே 611. அடிவாரத்து எண்ணையே கருவியில் வைத்துக்கொண்டு மேலே அளந்தால், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும், கொள்ளளவு 14 விழுக்காடு வரை கூடுதலாகக் காட்டும். நலமான நுரையீரல் வீங்கிய நுரையீரலாகத் தோன்ற அது போதும். ஒரு பேருந்துப் பயணத்தில் நோயில்லாமலே நோய் ஏறிவிடும்.

குழந்தைகளிடம் வரும்போது எல்லா அளவுகளும் சிறுத்துவிடுகின்றன. மூன்று கிலோ எடையில் பிறந்த குழந்தையின் ஒரு மூச்சு 15 முதல் 20 மி.லி.; பாலாடையில் ஒருமுறை புகட்டும் பால் அளவு. ஓய்வுக் கொள்ளளவு 60 முதல் 90 மி.லி.க்குள் அடங்கிவிடும். முகமூடிக்குள் வீணாகத் தங்கும் பத்து மி.லி. வளர்ந்தவருக்குப் பொருட்டே அல்ல. இங்கே அது மூச்சில் பாதி. சிசுவின் ஓய்வுக் கொள்ளளவு வெறும் சமநிலையும் அன்று. அதன் விலாக்கூடு குருத்தெலும்பால் ஆனது, மெத்தென்றிருப்பது. வெளிநோக்கி இழுக்கும் வலு அதற்குக் குறைவு. அப்படியே விட்டால் நுரையீரல் மிகவும் சுருங்கிவிடும். எனவே குழந்தை குரல்வளையைச் சற்று இறுக்கி வெளிமூச்சைத் தடுக்கிறது, முழுக்க வெளியேறும் முன்பே அடுத்த மூச்சைத் தொடங்குகிறது. ஆழ்ந்த உறக்கத்தில் ஓர் அளவும் கண் உருளும் உறக்கத்தில் இன்னோர் அளவும் வருவது இதனால்தான். ஒத்துழைப்பு வேண்டாம் என்பதால் உடலின் நிலையைக் கவனிக்க வேண்டாம் என்று ஆகிவிடாது.

நடைமுறை இது: பால் கொடுத்து, இயல்பாகத் தூங்கவிட்டு, மல்லாக்கப் படுக்கவைத்து, தலையை நேராக வைத்து, மூக்கையும் வாயையும் மூடும் மென்மையான முகமூடியைப் பொருத்துகிறார்கள். தூளியில் வளைந்து கிடக்கும் குழந்தையை அப்படியே அளக்கக் கூடாது. கழுத்து மடிந்தால் காற்றுவழி குறுகும். சிசுக்கள் பெரும்பாலும் மூக்கால் மூச்சு விடுபவை, ஆகவே சளி பிடித்திருந்தால் நாளைத் தள்ளிப்போடுவதே சரி. முதல் சில வாரங்களில் மயக்கமருந்து இல்லாமல் இவ்வளவும் முடியும். சில மாதங்கள் கடந்த குழந்தை முகமூடி பட்டதும் விழித்துக்கொள்ளும். பல ஆய்வுக்கூடங்களில் குளோரல் ஹைட்ரேட் கொடுத்து உறங்கவைக்கும் வழக்கம் வந்தது இதனால். அங்கே எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். மருந்து கொடுக்கும் அந்த நொடியிலேயே, தொந்தரவில்லாத சோதனை என்ற சொல் பொருளிழந்துவிடுகிறது.

சிசுக்களுக்குத் தூய ஆக்ஸிஜன் கொடுத்தால் மூச்சின் ஆழமே மாறிவிடுவது கண்டறியப்பட்டதால், அவர்களிடம் பெரும்பாலும் 4 விழுக்காடு சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு என்ற கனமான, வினைபுரியாத வாயுவை நிரப்பிப் பின் கழுவுகிறார்கள். கருவியும் பிழை செய்யும் என்பதற்கு அண்மைச் சான்று உண்டு. பரவலாகப் பயன்பட்ட ஒரு நைட்ரஜன் கழுவு கருவியில் ஆக்ஸிஜன் உணரியும் கரியமில வாயு உணரியும் ஒன்றையொன்று பாதித்து, நைட்ரஜனை மிகையாகக் காட்டி வந்தது 2021-இல் வெளிச்சத்துக்கு வந்தது. பல ஆண்டுகளாகச் சேர்த்த தரவுகளை மறுபடி கணக்கிட வேண்டியதாயிற்று. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒரே அட்டவணையில் வைப்பவர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஒத்துழைப்பு வேண்டாத சோதனை என்றதும் இன்று பலரும் முதலில் சொல்வது அலைமுறை. ஒலிபெருக்கி போன்ற ஒன்று நொடிக்கு ஐந்து முறை தொடங்கிப் பல வேகங்களில் மெல்லிய அழுத்த அலைகளை வாய்க்குள் அனுப்பும்; நோயாளி அரை நிமிடம் சாதாரணமாக மூச்சு விட்டால் போதும். மூன்று வயதுப் பிள்ளைக்கும் முடியும், கன்னத்தை மட்டும் யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். இதுவும் டுபாய்ஸ் குழுவினர் 1956-இல் தொடங்கிவைத்ததே. ஆனால் இது கொள்ளளவை அளப்பதில்லை. காற்றுவழியின் தடையையும் நுரையீரலின் விறைப்பையும் அளக்கிறது. நுரையீரல் சிறுத்திருக்கிறது என்று இதிலிருந்து ஊகிக்கலாம், எத்தனை லிட்டர் என்று எழுத முடியாது. இரண்டையும் ஒன்றாகக் கருதுவது அடிக்கடி நேரும் தவறு.

உடலின் மேற்பரப்பிலிருந்து பார்க்கும் முறைகளும் அப்படியே. நெஞ்சிலும் வயிற்றிலும் இரண்டு பட்டைகளைக் கட்டினால் மூச்சின் ஏற்ற இறக்கம் கிடைக்கும். நெஞ்சும் வயிறும் இரண்டு தனிப் பகுதிகளாக அசைவதைக் கானோவும் மீடும் 1967-இல் காட்டியது இதற்கு அடிப்படை. நெஞ்சைச் சுற்றி மின்முனைகளை ஒட்டி, மின்தடை மாற்றத்திலிருந்து எந்தப் பகுதிக்குக் காற்று போகிறது என்று படமாகவே காணலாம். இவையெல்லாம் மாற்றத்தைச் சொல்லும், இருப்பைச் சொல்லா. சி.டி. ஸ்கேன் இருப்பையே சொல்லும். காற்றுக்குக் கழித்தல் 1,000, நீருக்குப் பூச்சியம் என்ற அளவுகோலில் ஒவ்வொரு புள்ளியிலும் எத்தனை பங்கு காற்று என்று கூட்டிவிடலாம். ஆயினும் கதிர்வீச்சின் விலையைக் கொடுத்து, கொள்ளளவுக்காக மட்டும் குழந்தையை ஸ்கேன் எடுப்பது நியாயமாகாது. வேறு காரணத்துக்கு எடுத்த படம் இருந்தால் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரில் இருப்பவரிடம் ஒத்துழைப்பு என்ற பேச்சே இல்லை. அங்கே நைட்ரஜன் முறை ஒரு சிறு மாற்றத்தோடு பயன்படுகிறது. தூய ஆக்ஸிஜனுக்குத் தாவாமல், உள்ளே போகும் ஆக்ஸிஜனைப் பத்து இருபது விழுக்காட்டுப் புள்ளி மட்டும் மாற்றி, நைட்ரஜன் புதிய நிலைக்கு வந்து சேரும் போக்கிலிருந்து மூச்சின் முடிவில் உள்ள காற்றைக் கணக்கிடுகிறார்கள். அழுத்தத்தைக் கூட்டியது சுருங்கிய காற்றறைகளைத் திறந்ததா என்று படுக்கையருகிலேயே தெரிகிறது.

அளந்த எண்ணை எதனோடு ஒப்பிடுவது என்பது மீதமுள்ள பெரிய கேள்வி. தென்னிந்தியாவில் 1932-இல் வெளியான தொடக்ககால அளவீடு ஒன்று 103 ஆண் மருத்துவ மாணவர்களின் ஊதுகொள்ளளவைப் பற்றியது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய ஜேம்ஸ் மில்லெட்ஜ் 1965-இல் தென்னிந்திய ஆண்களின் அளவுகளை வெளியிட்டார். காசநோய்க்கு வீட்டிலேயே மருந்து கொடுக்கலாம் என்று உலகுக்குக் காட்டிய சென்னை மையத்திலிருந்து 1990-இல் நலமுள்ள இளம் ஆண் பெண்களின் அளவுகள் வந்தன. திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் புகைபிடிக்காத 900 பெண்களிடம் நடந்து 2011-இல் வெளியான ஆய்வு, அவர்களில் 2.44 விழுக்காட்டினருக்கு நாள்பட்ட சுவாச அடைப்பு இருப்பதாகக் கண்டது. இவை யாவும் மதிப்புள்ள பணிகள். யாவும் ஊதக்கூடியவர்களிடம், ஊதும் வயதில் தொடங்கியவை. மாணவர் முதலில், ஆண்கள் அடுத்து, பெண்கள் அதற்கும் பின். மலைவாழ் மக்களும் சிசுக்களும் வரிசையின் கடைசியில்.

அடுப்புப் புகை பற்றிய கேள்வி இந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறது. விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களும் சேர்ந்து நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வு, விறகுக்குப் பதில் கேஸ் அடுப்பு கொடுத்தால் குழந்தையின் பிறப்பு எடை கூடுமா என்று பார்த்தது. குறிப்பிடத்தக்க வேறுபாடு கிடைக்கவில்லை. எடை மாறவில்லை என்பதால் நுரையீரலும் மாறவில்லை என்று ஆகாது. கானா நாட்டில் கிண்டாம்போவில் முப்பது நாள் குழந்தைகளைத் தூக்கத்தில் அளந்தபோது, கருவில் புகைக்கு ஆட்பட்டது மூச்சின் அளவுகளில் தெரிந்தது, பெண் குழந்தைகளிடம் கூடுதலாக. தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்டைனில் ஆறு வாரக் குழந்தைகளை மயக்கமருந்தின்றிக் கழுவு முறையால் அளந்து, ஆண்டுக்கணக்கில் தொடர்கிறார்கள். இந்தியாவில் தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தினர் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து சிசு அளவுகளை வெளியிட்டுள்ளனர். கொல்லிமலையில் இதைச் செய்வதற்கு உடல்பெட்டி தேவையில்லை. கையில் தூக்கிச் செல்லும் கழுவு கருவி, ஒரு வாயு உருளை, மேலேயே அளந்த காற்றழுத்தம், குழந்தை தூங்கும்வரை காத்திருக்க நேரம், இவை போதும். ஆறு வாரத்தில் தூக்கத்தில் ஒன்று, மூன்று வயதில் அலைமுறையில் ஒன்று என்று அளந்து வைத்தால், ஆறு வயதில் அந்தப் பிள்ளை தானே குழாயை வாயில் வைத்து ஊதும்போது வரும் எண்ணை, வேறொரு நாட்டுப் பிள்ளையின் அட்டவணையோடு மட்டுமல்லாமல், அதன் சொந்தத் தொடக்கத்தோடும் சேர்த்துப் படிக்க முடியும்.